கேரக்டர் டிசைன் கற்றுத்தருவதாக விளம்பரம் செய்யும் பயிற்சி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

அனிமேஷன் பயிற்சி நிறுவனங்களை நடத்துவோருக்கு வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் உங்கள் விளம்பரங்கள் பஸ்ஸின் முதுகிலும் நாளிதழ்களின் முதல் பக்கத்திலும் வந்துவிடுகின்றன. சில ஆண்டுகளாக அவற்றில் ‘கேரக்டர் டிசைனர் ஆகலாம்’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. கதைப் பாத்திரங்களின் தோற்றத்தை வடிவமைக்கும் அந்த வேலையைச் செய்து சம்பளம் வாங்குகிறவன் நான். ஆள் எடுக்கும்போது உங்கள் மாணவர்களின் போர்ட்ஃபோலியோக்களை, அதாவது படைப்புத் தொகுப்புகளைப் பார்ப்பதும் என் வேலையில் சேர்த்தி. அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். அந்த எரிச்சலில் மாணவர்களுக்குப் பங்கு குறைவு.

வருகிறவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சு. முதல் பக்கத்தில் கவசம் அணிந்த ஒரு வீரன் நிற்பான். தோளில் முட்கள், இடுப்பில் நான்கைந்து வார்கள், கையில் ஆளைவிட நீளமான வாள். கவசத்தின் பளபளப்பைக் குறை சொல்லவே முடியாது. அடுத்த பக்கத்தில் அவனைப் பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு வேறு யாருடையதோ. முதுகைக் காட்டி நிற்கும்போது அந்த வாளை எங்கே மாட்டிக்கொள்கிறான் என்பது வரைந்தவருக்கே தெரியவில்லை. அவன் சிரித்தால் எப்படி இருப்பான், பசித்தால் எப்படி உட்காருவான், அம்மாவிடம் திட்டு வாங்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வான் என்பதற்கெல்லாம் ஒரு கோடு கூட இல்லை. கடைசிப் பக்கத்தில் மென்பொருள்களின் சின்னங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் எண்பது சதவீதம், தொண்ணூறு சதவீதம் என்று ஒரு பட்டை. ஒரு மென்பொருளில் தொண்ணூறு சதவீதம் தேர்ச்சி என்றால் என்னவென்று நான் இதுவரை யாரிடமும் கேட்கத் துணியவில்லை.

ஒரே நிறுவனத்திலிருந்து வந்த பல பேரின் கோப்புகளில் ஒரே ரோபோ நின்றதும் உண்டு. வண்ணம் மட்டும் வேறு. வகுப்பில் கொடுத்த பயிற்சியை அப்படியே படைப்பு என்று அனுப்பச் சொன்னது யார் என்று கேட்டால், ‘சார்தான் சொன்னார்’ என்கிறார்கள்.

கேரக்டர் டிசைனரின் படத்தைப் பெரும்பாலும் பார்வையாளர் நேரடியாகப் பார்ப்பதே இல்லை. அதைப் பார்த்து மாடலிங் செய்பவர் உருவத்தைக் கட்டுவார், ரிக்கிங் செய்பவர் எலும்பும் மூட்டும் வைப்பார், அனிமேட்டர் நடக்கவைப்பார். ஆக, அது பிறர் வேலை செய்வதற்கான படம். முன்புறம், முக்கால் திருப்பம், பக்கவாட்டு, பின்புறம் என நான்கிலும் அதே ஆள் இருக்க வேண்டும். முகபாவங்கள் தனித் தாளில். கதையில் வரும் எல்லோரையும் உயர வரிசையில் நிறுத்திய ஒரு தாள். உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிவிட்டாலும் இன்னார் என்று தெரிகிறதா என்று ஒரு சோதனை. டிஸ்னி ஸ்டூடியோவில் 1930களின் இறுதியிலேயே இதற்கென்று ஜோ கிராண்ட் தலைமையில் ஒரு தனிப் பிரிவு இயங்கியது. ஒரே பெண்ணைப் பத்துப் பேர் வரையும்போது அவள் பத்துப் பெண்களாகிவிடக் கூடாது என்பதே அந்தத் தாள்களின் வேலை.

நம் ஊரில் இதைத் தனியாளாகச் செய்தவர்கள் உண்டு. அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை நினைத்துப் பாருங்கள். தோளில் பிணம், கையில் வாள், தளராத நடை. பல பத்தாண்டுகள் அந்த ராஜா அதே ராஜாவாகவே மயானத்தைக் கடந்தார். சங்கர் படித்தது சென்னை ஓவியப் பள்ளியில். அவர் மறைந்த பிறகு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த நந்தினியின் கொண்டையைச் சொன்னால் இன்றும் அடையாளம் காண ஆள் இருக்கிறது. உங்கள் வகுப்பறைச் சுவர்களில் ஜப்பானிய, அமெரிக்கப் பாத்திரங்களின் போஸ்டர்கள் நிறைய ஒட்டியிருக்கின்றன. ஒட்டட்டும், அவை நல்ல படங்கள்தாம். பக்கத்தில் சங்கருக்கும் மணியத்துக்கும் கோபுலுவுக்கும் ஓர் அடி இடம் விட்டால் சுவர் இடிந்துவிடாது.

வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு நடுவயது ஆள் கதையில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மடிப்பின் இரண்டு முனைகளும் இடுப்பில் எங்கே செருகப்படுகின்றன? முன்னால் முழங்காலுக்கு மேல் நிற்கும் துணி பின்னால் எவ்வளவு இறங்கும்? அவர் திண்ணையில் உட்காரும்போது அந்தத் துணி எங்கே போகும்? எல்லாவற்றையும்விட, ஊர்ப் பெரியவர் எதிரே வந்ததும் அவர் வேட்டியை இறக்கிவிடுவார் அல்லவா, அதை என்ன செய்வது? முப்பரிமாண அனிமேஷனில் துணி அசைவைக் கணக்கிட்டுச் செய்வது நேரத்தையும் பணத்தையும் விழுங்கும் வேலை. அதனால் மடித்த வேட்டிக்கு ஒரு மாடல், இறக்கிய வேட்டிக்கு ஒரு மாடல் என்று இரண்டு செய்துகொண்டு, இறக்கும் நொடியில் கேமராவை முகத்துக்குக் கொண்டுபோய்விடலாம். அல்லது இடுப்புக்குக் கீழே ஒரு திண்ணைச் சுவரை மறைப்பாக வைக்கலாம். அந்த அசைவு கதைக்கு உயிர் என்றால், செலவு செய்தே காட்டலாம். இதைப் பற்றி டிசைனர் முதல் வாரத்திலேயே இயக்குநரிடம் பேசியாக வேண்டும். ஆறு மாதம் கழித்து ரிக்கிங் அறையில் கண்டுபிடித்தால் அத்தனை பேரும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோவும் நம் நாட்டு அனிமேஷன் கலைஞர் ராம் மோகனும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் ராமாயண அனிமேஷன் படத்தை எடுத்தபோது, வேட்டி எப்படிக் கட்டுவது, இந்தியர்கள் எப்படி நடப்பார்கள், பிள்ளைகள் பெரியவர்களிடம் எப்படி ஆசி வாங்குவார்கள் என்பதையெல்லாம் இந்தியக் குழுவினர் ஜப்பானியக் கலைஞர்களுக்குச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. வரைவதில் கரை கண்டவர்களுக்கே அந்தக் காட்சி அறிவு வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. உங்கள் மாணவர்களுக்கு அது பிறந்ததிலிருந்து கண்முன் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவர்களைக் கவசத்தின் ஆணிகளை எண்ண வைக்கிறீர்கள்.

வாரத்தில் ஒரு நாள் கணினி அறையைப் பூட்டிவிட்டுக் கோயம்பேட்டுக்கும் மாட்டுத்தாவணிக்கும் காந்திபுரத்துக்கும் அவர்களை அனுப்பிப் பாருங்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் எடையை எந்தக் காலில் வைக்கிறார், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் டிக்கெட்டை எப்படி எடுக்கிறார், பூக்கட்டும் பாட்டி பேசிக்கொண்டே நாரை எப்படி இழுக்கிறார் என்று வரைந்து வரட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. டீ பட்ட கறையோடு அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் என் முன்னால் வந்தால், பளபளக்கும் கவசத்தை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் புரட்டுவேன். என்னைப் போன்ற பலரும் அப்படித்தான்.

பணத்தைப் பற்றியும் பேசவேண்டும். நம் ஸ்டூடியோக்களுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் செய்துகொடுக்கும் வேலை. அதில் பாத்திரங்களின் வடிவம் அங்கேயே முடிவாகி, மாடல் ஷீட் எனப்படும் அந்த வடிவத் தாள்களோடு இங்கே வந்து சேர்கிறது. இங்கே நடப்பது மாடலிங், ரிக்கிங், அனிமேஷன், ரோட்டோ (காட்சியிலிருந்து உருவங்களை ஓரம் பிசகாமல் வெட்டிப் பிரிப்பது), கம்பாசிட்டிங் (தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாக இணைப்பது). கேரக்டர் டிசைனருக்கு அங்கே நாற்காலியே கிடையாது. சொந்தமாகத் தொடர் தயாரிக்கும் நிறுவனங்களிலும் மொபைல் விளையாட்டு நிறுவனங்களிலும் விளம்பரத் துறையிலும் திரைப்படங்களின் முன்தயாரிப்பிலும் அந்த நாற்காலி உண்டு. ஆனால் நான் பார்த்த இடங்களில் அவற்றின் எண்ணிக்கை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். ஒரு பாத்திரத்தைச் சில பேர் வடிவமைத்தால், அதை அசைக்கப் பல பேர் வேண்டும். தொழிலின் கணக்கே அப்படி.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கேரக்டர் டிசைன் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, படிப்பு முடிந்ததும் இரவுப் பணியில் ரோட்டோ வெட்ட அனுப்பி, அதையும் ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்ற கணக்கில் எழுதிக்கொள்கிறீர்கள். ரோட்டோ வேலையில் எந்த இழுக்கும் இல்லை. அதில் தேர்ந்தவர்களை நம்பித்தான் எத்தனையோ படங்கள் திரைக்கு வருகின்றன. கட்டணம் வாங்குவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். நகையை அடகு வைத்தும் கல்விக் கடன் வாங்கியும் லட்சங்களைக் கட்டுகிற பெற்றோரிடம் இன்னொன்றையும் சொல்லலாம்: 2013இல் ஆஸ்கர் மேடையில் விருது வாங்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற காட்சி விளைவு (விஎஃப்எக்ஸ்) நிறுவனம் அதே மாதத்தில் திவால் மனு போட்டிருந்தது. 2025 பிப்ரவரியில் அதே துறையின் டெக்னிகலர் குழுமம் முடங்கியபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். திறமை இருந்தாலும் இந்தத் தொழிலில் தரை எப்போது ஆடும் என்று சொல்ல முடியாது. பெற்றோருக்கு இதைச் சொன்னால் சேர்க்கை குறையும் என்று பயப்படுகிறீர்களா? கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

நாற்காலி குறைவு என்பதால் கேரக்டர் டிசைனர்களில் பலர் தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களாகவே இருக்கிறார்கள். இருந்தும் ஒப்பந்தம் பற்றி உங்கள் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம் கூட இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படியொன்றும் புரியாத நூல் அல்ல. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையை விற்ற பிறகும் இது நான் படைத்தது என்று கோரும் உரிமை படைத்தவரிடம் இருப்பதாக 57ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு வெளியே வரும் பிள்ளை, ‘எல்லா உரிமையும் எங்களுக்கே’ என்று நீட்டப்படும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறையாவது தயங்கும். போகட்டும், உங்கள் கையேட்டின் அட்டையில் போடும் மாணவர் படங்களுக்குக் கீழே அந்த மாணவரின் பெயரைப் போடுவதிலிருந்து தொடங்குங்களேன்.

செயற்கை நுண்ணறிவில் கேரக்டர் டிசைன் என்று இப்போது புதிய வகுப்புகள் முளைத்திருக்கின்றன. கட்டளை வரி எழுதினால் கவச வீரன் வந்து நிற்கிறான். அவனை மூன்று வருடம் கற்பித்தவர்களுக்கு இது சங்கடம்தான். பிறர் உருவாக்கிய பாத்திரங்களை விழுங்கி வளர்ந்ததாகச் சொல்லி டிஸ்னியும் யுனிவர்சலும், கட்டளை வரிக்குப் படம் உருவாக்கித் தரும் மிட்ஜர்னி நிறுவனத்தின் மீது 2025 ஜூனில் வழக்குத் தொடுத்திருக்கின்றன. வழக்கு எப்படிப் போனாலும், ஆள் எடுக்கும் இடத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது: முடித்த படத்தைவிட அதற்கு முன்னால் போட்டுக் கழித்த சின்னச் சின்னக் கிறுக்கல்களைக் காட்டச் சொல்கிறோம். ஏன் இந்த மூக்கு, ஏன் அந்தச் செருப்பு வேண்டாம் என்று கேட்கிறோம். வரைந்து பார்த்தவருக்குப் பதில் இருக்கும்.

உங்களிடம் வேலை செய்யும் ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் அசாத்தியமாக வரைபவர்களை எனக்குத் தெரியும். மணிக்கணக்கில் கூலி கொடுத்து, அட்மிஷன் காலத்தில் பெற்றோருக்குத் தொலைபேசவும் அவர்களையே உட்கார வைக்கிறீர்கள். அலுத்துப்போய் அவர்கள் விலகியதும், போன வருடம் படிப்பை முடித்தவரை அந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள். பாடம் ஏன் மென்பொருளின் மெனுவைத் தாண்டுவதில்லை என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

எழும்பூர் அருகே 1850இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்திலும் அப்படியொன்று உண்டு. தரமணியில் அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனம் அனிமேஷனுக்கும் பட்டப்படிப்பு நடத்துகிறது. கட்டணம் உங்களுடையதில் சிறு பங்கு. நன்றாக வரையும் ஏழைப் பிள்ளை வந்தால் அங்கே போகச் சொல்லுங்கள் என்று கேட்க ஆசைதான். வியாபாரம் செய்கிறவர்களிடம் அவ்வளவு கேட்கக் கூடாது என்றும் தெரியும். அந்தக் கல்லூரிகளில் சேர்வதற்கு முன் வரையச் சொல்லிப் பார்க்கிறார்கள். அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். கேரக்டர் டிசைன் கேட்டு வரும் பிள்ளையை அரை நாள் உட்கார வைத்து, எதிரில் ஒரு ஆளை நிறுத்தி வரையச் சொல்லுங்கள். கை வரவில்லை என்றால் மாடலிங்கையோ லைட்டிங்கையோ காட்டுங்கள். அவற்றிலும் நல்ல வாழ்க்கை உண்டு. கூடவே, கடந்த மூன்று ஆண்டுகளில் உங்களிடம் கேரக்டர் டிசைன் படித்தவர்கள் இப்போது என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று, பெயர் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் அடுத்த மே மாதத்துக்குள் உங்கள் விளம்பரத்திலேயே போடுங்கள்.

பிளேஸ்மெண்ட் மாதங்களில் ஆள் எடுக்கச் சொல்லி அழைக்கும் உங்களில் பலரிடம் என் எண் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அழைத்தால் வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து மாணவர்களின் படங்களைப் பார்த்துத் தருகிறேன். பணம் வேண்டாம். லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் பணிபுரியும் ஒரு கேரக்டர் டிசைனர்