அந்தமானில் அறை எடுக்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உறைபனி விழத் தொடங்கியதும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து அந்தமான் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். பலர் வரும்போதே கைப்பேசியில் ஒரு ரிசார்ட்டின் படத்தைக் காட்டி, "இதையே போட்டுடுங்க" என்கிறார்கள். உங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். முதலில் விமானம், பிறகு கப்பல், அப்புறம்தான் அறை.

விமானம் இறங்குவது போர்ட் பிளேரில். எல்லோரும் தங்க ஆசைப்படுவதோ ஹேவ்லாக் தீவில். தனியார் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும், அரசுக் கப்பலில் இன்னும் கொஞ்சம் கூடுதல். கடைசிக் கப்பல் பிற்பகலிலேயே போய்விடும். விமானம் தாமதமானால் ஹேவ்லாக்கில் பணம் கட்டிய அறை சும்மா கிடக்க, நீங்கள் போர்ட் பிளேரில் வேறு அறை தேட வேண்டியிருக்கும். அதனால் முதல் இரவை போர்ட் பிளேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு முந்தைய இரவும் அங்கேதான் இருக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், விமானம் காத்திருக்காது. இதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

இங்கிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து ஓடிப்போய்க் காலை விமானத்தைப் பிடிப்பது, அதுவும் குழந்தைகளோடு, வேண்டாத பதற்றம். ஒரு நாள் முன்னதாகவே சென்னை போய்விடுங்கள்.

டிக்கெட்டில் ஊர்ப்பெயர் மாறியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்.

சரி, ஹேவ்லாக்கில் எந்தக் கடற்கரையில் தங்குவது? விடுதிகள் பெரும்பாலும் கிழக்குப் பக்கம், கோவிந்த் நகர், விஜய் நகர் கரைகளில் இருக்கின்றன. சூரிய உதயம் அங்கே அழகு. ஆனால் கடல் உள்வாங்கும் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் போய், பாறையும் பவளக் கற்களும் வெளியே தெரியும். படத்தில் பார்த்த நீலக் கடல் அந்தச் சில மணி நேரம் இருக்காது. அது விடுதிக்காரர் தவறு இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் இன்னும் அதிகமாக உள்வாங்கும், ஆகவே தேதி குறிக்கும்போது வீட்டு நாட்காட்டியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நீந்தி விளையாடத்தான் போகிறோம் என்றால் மேற்கே உள்ள ராதாநகர் நல்லது. அங்கே விடுதிகள் குறைவு, வாடகையும் கூடுதல். கிழக்கே தங்கிக்கொண்டு மாலையில் வண்டி பிடித்து ராதாநகர் போய்வருவதே நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் என்பது எங்கள் கணிப்பு. மதியமே கிளம்பிவிடுங்கள். டிசம்பரில் அங்கே ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும்.

அடுத்தது ஏசி. ஸ்வெட்டர் போட்டே பழகிய உடம்புக்கு அந்தக் கடற்கரைப் புழுக்கம் தாங்காது. மூங்கில் குடில் பார்க்க நன்றாக இருக்கும், வாடகையும் குறைவு. ஆனால் வயதானவர்கள் கூட வந்தால் ஏசி அறையே எடுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, மின்விசிறி மட்டும்தானா என்று கட்டாயம் கேட்க வேண்டும். நாங்கள் எந்த விடுதியிலும் இதைக் கேட்காமல் பணம் அனுப்புவதில்லை. நீங்களே இணையத்தில் போடுவதாக இருந்தாலும் விடுதிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். போர்ட் பிளேரில் தமிழ் பேசுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஹேவ்லாக்கில் வங்காளிகள் அதிகம், சமையலில் மீன்தான் முதலில். சைவம் சாப்பிடுபவர்கள் அதையும் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

பணம் திரும்ப வராத அறை நூறு இருநூறு குறைவாக இருக்கும். தீவுப் பயணத்துக்கு அது வேண்டவே வேண்டாம். கப்பல் ரத்தானால் அறைப் பணத்துக்கு என்ன வழி, தேதியை மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? கிறிஸ்துமஸ் விடுமுறையில் வாடகை உச்சத்தில் இருக்கும். ஏப்ரல், மே நம் மலைக்கு சீசன், கடை வைத்திருப்பவர்கள் நகர முடியாது. அது முடிவதற்குள் அங்கே தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். பொங்கல் கழிந்து மார்ச் வரைக்கும்தான் மழை குறைந்து, கடலும் அமைதியாக இருக்கும் காலம். பள்ளிப் பிள்ளைகள் இல்லாத வீடுகளுக்கு நாங்கள் அதையே சொல்கிறோம்.

கடைக்கு வரும்போது எல்லோருடைய ஆதாரையும் கொண்டுவாருங்கள். அதில் உள்ள எழுத்துப்படியே பெயர் போட வேண்டும். குழந்தைகளின் வயதையும், படி ஏற முடியாதவர்கள் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், கீழ்த்தள அறையாகப் பார்க்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பயண முன்பதிவுக் கடையினர்,
கோத்தகிரி