வசந்தாவுக்கு, அந்தப் பொமரேனியன் விஷயமாக

பாளையங்கோட்டை
ஞாயிறு

அன்புள்ள வசந்தா,

இங்கே எல்லோரும் சுகம். மேரிக்குப் பேரன் பிறந்திருக்கிறான். பாட்டியாகியும் அவள் வாய் குறையவில்லை. அண்ணனின் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஏட்டி, பூனை குறுக்கே போனாலே கட்டிலில் ஏறி நின்றவள் நாய் வாங்கியிருக்கிறாயா! படத்தை நம் ஹாஸ்டல் ஜெயாவிடம் காட்டினேன். "வார்டனிடம் அனுமதி வாங்கினாளா?" என்று மட்டும் கேட்டாள். குட்டி அழகுதான், மறுக்கவில்லை. "நாற்பத்தைந்து நாள் குட்டி" என்று நீ பெருமையாக எழுதியிருக்கும் வரிதான் உறுத்துகிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017 முதல் விதியே இருக்கிறது. விற்கிறவர்கள் குட்டி சின்னதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னாலேயே தள்ளிவிடுகிறார்கள். போகட்டும், இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம்.

முதலில் அதைச் சமையலறைத் தராசில் வைத்து எடை பார். படத்தைப் பார்த்தால் ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும். தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன் எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வை. வளர்கிற குட்டிக்கு எடை ஏற வேண்டும். இரண்டு நாள் ஏறாமல் நின்றாலோ ஒரு நாள் குறைந்தாலோ ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பெரிய நாய் ஒரு வேளை பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. இந்த அளவுக் குட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது. நான் இத்தனை பக்கம் எழுதுவதே அதனால்தான்.

அதன் கல்லீரலில் சேமித்து வைக்கும் சர்க்கரை மிகக் கொஞ்சம். சாப்பாட்டு இடைவெளி நீண்டாலோ, குளிர் பட்டாலோ, வயிற்றில் பூச்சி இருந்தாலோ, உன் பேத்தி விடாமல் விளையாட்டுக் காட்டினாலோ அது தீர்ந்துபோகும். முதலில் சோர்ந்து படுக்கும். பிறகு நடை தள்ளாடும், உடம்பு நடுங்கும், கண் ஒரே இடத்தில் நிலைக்கும். அப்போதும் கவனிக்காவிட்டால் வலிப்பு. "தூங்குகிறது பாவம்" என்று விட்டுவிடுகிற இடமும் இதுதான். தூங்குகிற குட்டி எழுப்பினால் எழும். சர்க்கரை இறங்கிய குட்டி துவண்டு தொங்கும்.

அப்படி ஆனால் குளுக்கோஸ் பொடியைச் சில சொட்டுத் தண்ணீரில் பாகாகக் குழைத்து, விரலில் தொட்டு ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தடவு. தேனும் ஆகும். வாயில் ஊற்றவே கூடாது. விழுங்கத் தெம்பில்லாதபோது ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். துண்டில் சுற்றி வெதுவெதுப்பாக வைத்துக்கொள். நிமிர்ந்து பார்க்கத் தொடங்கியதும் கொஞ்சம் சாப்பாடு கொடு. தெளிந்துவிட்டதே என்று இருந்துவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டு. தெளியவில்லை என்றால் தடவிக்கொண்டே கிளம்பு. அந்தப் பொடி டப்பாவும் மருத்துவரின் நம்பரும் ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கட்டும்.

இப்படி ஆகாமல் இருக்க, மூன்று மாதம் முடியும்வரை ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை சாப்பாடு. கடைசி வேளை இரவு பதினொன்றுக்கு, முதல் வேளை காலை ஐந்தரைக்கு. சீரியல் பார்த்து விழித்திருக்கிறவளுக்கு இது ஒரு சிரமமா? சின்ன ரகக் குட்டிகளுக்கான உணவு என்று தனியாக வருகிறது. அதை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் மசித்துக் கொடு. விற்றவர் எதைக் கொடுத்து வந்தாரோ அதையே முதல் சில நாட்கள் கொடுத்துவிட்டு, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்று. திடீரென்று மாற்றினால் பேதி ஆகும், பேதியானால் மறுபடியும் சர்க்கரை இறங்கும்.

பசும்பாலும் மேரி பிஸ்கட்டும் வேண்டாம். நம் ஊரில் நாய்க்குட்டி என்றாலே தட்டில் பால் ஊற்றுவார்கள். அந்தப் பாலின் சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காது. வேகவைத்த கோழிக்கறி கொஞ்சம் கொடுக்கலாம், எலும்பில்லாமல், உப்பு மசாலா இல்லாமல். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாலும் நஞ்சு. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் அதில் சேர்த்தி. உன் வீட்டுப் பாயசத்தில் பாதி அதுதான் என்பதால் எழுதுகிறேன். காய்ச்சல் என்று நீயாகவே பாராசிட்டமால் உடைத்துக் கொடுத்துவிடாதே. அதன் சாதாரண உடல் சூடே 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட். நாய் உணவு கொடுத்தால் கால்சியம் சிரப்பும் வேண்டாம்.

"ஒரு ஊசி போட்டாச்சு, இனி பயமில்லை" என்று எழுதியிருந்தாயே, அதுவும் தப்பு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரம் தங்கும். அது இருக்கும்வரை போடுகிற ஊசியை அதுவே முறித்துவிடலாம். எந்த வாரத்தில் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் நிறையும்வரை போடச் சொல்கிறார்கள். கடைசி ஊசியைத் தவறவிட்டால் முன்னால் போட்டதும் வீணாகலாம். குடற்பூச்சி மருந்து மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதன்பின் ஆறு மாதம்வரை மாதம் ஒரு தடவை. அதுவும் அன்றைய எடைக்குத்தான்.

இந்த ஊசிகள் முடிவதற்கு நடுவில் வருகிற எமன் பார்வோ என்ற வைரஸ். மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் கிருமி, உன் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். செருப்பு வாசலோடு நிற்கட்டும். தெருநாய் நடக்கும் இடத்தில் குட்டியைக் கீழே விடாதே. பினாயில் பார்வோவைக் கொல்லும் என்று நம்பாதே. ஈரம் காயாத தரையில் நடந்து பாதத்தை நக்கினால் அதுவே உபத்திரவம். ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, கழுவித் துடை. சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்து, நாற்றமடிக்கும் பேதியில் ரத்தம் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதே. இரவென்றும் பாராமல் கிளம்பு.

அதற்காக அறையில் பூட்டி வளர்க்கவும் கூடாது. பதினான்கு வாரத்துக்குள் பார்க்காததையும் கேட்காததையும் கண்டு ஆயுளுக்கும் பயப்படலாம். இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ, குக்கர் விசில், குடை, ஹெல்மெட் போட்ட மனிதர் எல்லாம் காட்டு. பொமரேனியன் குரைக்கிற பிறவி. பயந்த பொமரேனியன் உங்கள் அபார்ட்மெண்டையே எழுப்பும். அசோசியேஷன்காரர்கள் லிஃப்டில் ஏற்றக்கூடாது என்றால், அப்படித் தடுக்க முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது என்று அண்ணனைப் பேசச் சொல். அவருக்கும் சண்டை போட ஒரு காரணம் கிடைத்த மாதிரி ஆகும்.

இப்போது விளையாட்டில்லாமல் ஒன்று. பால்பல் ஊசி மாதிரி இருக்கும், பேத்தியின் விரலைக் கவ்வும். ரேபிஸ் ஊசி போடும் வயது மூன்று மாதம். அதற்கு முன் பல் பட்டோ நகம் பட்டோ தோல் கீறினால், குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. தோலுக்குள் போடும் முறை என்றால், முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. எதையும் விடக் கூடாது. "வீட்டுக் குட்டிதானே, சின்னக் கீறல்தானே" என்ற பேச்சே வேண்டாம். அந்த நோய் வந்துவிட்டால் வைத்தியம் இல்லை, வசந்தா.

உங்கள் வீட்டு கிரானைட் தரையும் அதற்கு எதிரி. சறுக்கிச் சறுக்கி நடந்தால் பின்னங்கால் முட்டிச்சில்லு விலகும் கோளாறு இந்த ரகத்தில் சீக்கிரம் வெளிப்படும். மூன்று காலில் நாலு எட்டு துள்ளிவிட்டு மறுபடி சரியாக நடக்கும், அதுதான் அடையாளம். ரப்பர் பாய் விரி. முன்னங்கால் எலும்போ பென்சில் தடிமன்கூட இருக்காது, சோபாவிலிருந்து குதித்தால் முறியும். பேத்தி நின்றுகொண்டு தூக்கவே கூடாது, தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். கழுத்துப்பட்டை பெயர்த்தகட்டுக்கு மட்டும். நடத்திக் கூட்டிப்போக மார்போடு கட்டும் பட்டைதான், இல்லாவிட்டால் மூச்சுக்குழாய் நசுங்கும்.

உண்ணி மருந்தும் எடைக்கேற்ற சின்ன அளவில் வாங்கு. பெரிய நாய் மருந்தில் பாதியை ஊற்றுகிற சிக்கனம் வேண்டாம். எட்டு வாரத்துக்கு முன் மருத்துவர் சொல்லாமல் எதுவும் போடாதே, சீப்பால் வாரி எடு.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால்மணி நேரத்திலும், விளையாட்டு முடிந்ததும் பால்கனி பேப்பரில் கொண்டு விடு. போனால் உடனே பாராட்டு. வீட்டுக்குள் போனால் வாயை மூடிக்கொண்டு துடை. மூக்கைத் தேய்த்தால் உன் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போகத்தான் கற்றுக்கொள்ளும்.

நான்காம் மாதத்துக்குமேல் குட்டிமுடி உதிர்ந்து அசிங்கமாக இருக்கும். சொறி என்று அலறாதே, பெரிய முடி வரும். வெயில் என்று மழிக்க மட்டும் விடாதே. இந்த ரகத்துக்கு மழித்த இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம். ஆறு மாதம் தாண்டியும் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நின்றால் பிடுங்க வேண்டும். இன்னொன்று, அசல் பொமரேனியன் வளர்ந்தாலும் மூன்றரை கிலோவைத் தாண்டுவது குறைவு. நம் பக்கம் அந்தப் பெயரில் விற்பவற்றில் நிறைய இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு ரகம். ஆறேழு கிலோவில் வந்து நின்றால் கோபித்துக்கொள்ளாதே, வளர்க்கச் சுலபம் அதுதான்.

விற்றவர் கொடுத்த ஊசி அட்டையைப் படம் பிடித்து அனுப்பு. மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவர் கையெழுத்து மூன்றும் தெரிய வேண்டும். வெறும் பேனாவில் "1st dose" என்று எழுதியிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல் புதிதாகத் தொடங்கச் சொல்லிக் கேள்.

அன்புடன்,
நிர்மலா