ஃபிஃப்த் வீல் கேம்பர் இழுக்க என் டீசல் பிக்கப்பைத் தயார் செய்ததில் உள்ள குறைகள்: புகாரும் இழப்பீட்டுக் கோரிக்கையும்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். டாலஸுக்கு வடக்கே உள்ள உங்கள் பணிமனையில் கடந்த ஏப்ரல் மாதம் என் ‘முக்கால் டன்’ வகை டீசல் பிக்கப்பை, எங்கள் ஃபிஃப்த் வீல் கேம்பரை (பிக்கப்பின் பின்பக்கச் சாமான் தொட்டியில் மாட்டி இழுக்கும் நடமாடும் வீடு) இழுப்பதற்காகத் தயார் செய்யக் கொடுத்தேன். ‘முழு இழுவைத் தயாரிப்பு’ என்று பில் போட்டு 4,860 டாலர் வாங்கினீர்கள். அந்த வேலையில் உள்ள குறைகளை எழுத்தில் தெரிவிக்கவே இந்தக் கடிதம். வேலை தொடங்கும் முன்பே நீங்கள் எனக்குக் கொடுத்த தவறான உறுதியைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதியிருக்கிறேன். என் குடும்பத்தை ஆபத்தில் தள்ளியது அதுதான்.

கேம்பர் 36 அடி நீளம். நிறைசுமையில் 14,000 பவுண்டு வரை இருக்கலாம் என்று அதன் தகட்டில் எழுதியிருக்கிறது. கேம்பரின் விவரத்தாளையும், பிக்கப்பின் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டின் படத்தையும் உங்கள் ஆலோசகரிடம் முன்கூட்டியே கொடுத்தேன். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 2,214 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்தச் சீட்டில் தெளிவாக அச்சடித்திருக்கிறது. அவர் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. “இந்த வண்டி 18,000 பவுண்டு இழுக்கும். உங்கள் கேம்பர் 14,000தானே, தாராளமாகப் போகலாம்” என்றார். பின்பக்கம் தாழ்ந்துவிடாதா என்று கேட்டேன். “பின் ஸ்பிரிங்கோடு காற்றுப் பை போட்டுத் தருகிறோம். அப்புறம் இன்னும் அரை டன் தாங்கும்” என்றார். பைகளும் கம்ப்ரெஸரும் சேர்த்து அதற்கு மட்டும் 1,240 டாலர்.

இழுக்கும் திறன் வேறு, சுமக்கும் திறன் வேறு. இழுவை வண்டிகளைத் தயார் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இதை நான் எழுத வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. பம்பரில் மாட்டி இழுக்கும் டிரெய்லரில் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் வண்டியின் மேல் இறங்கும். ஃபிஃப்த் வீல் அப்படி இல்லை. அதன் மூக்கு பிக்கப்பின் தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே வந்து உட்காருகிறது. மூக்கின் அடியில் உள்ள கிங்பின் என்ற இணைப்பு முள் வழியாக 15 முதல் 25 சதவீதம் எடை வண்டியின் முதுகில் ஏறும். இதோடு, கிங்பின்னைப் பிடிக்கத் தொட்டியில் பொருத்தும் ஹிட்ச்சின் எடை, வண்டிக்குள் உட்காரும் ஆட்கள், கருவிப் பெட்டி எல்லாமே அந்த 2,214 பவுண்டுக்குள் அடங்க வேண்டும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமானது. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிற்கும்போது, எஞ்சின் தின்றது போக மீதிதான் சுமைக்கு. இழுவைக்கு என்று டீசல் முக்கால் டன் வாங்கும் பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். உங்களைப் போன்றவர்கள் முதலில் எச்சரிக்க வேண்டியதும் இதைத்தான்.

உங்கள் ஆலோசகர் கையில் இருந்த தாள்களை வைத்தே கணக்குப் போட்டிருக்கலாம். விவரத்தாளில் கிங்பின் எடை 2,050 பவுண்டு. நாங்கள் நான்கு பேர் 560 பவுண்டு. தொட்டித் தரையில் அதைத் தாங்கும் தண்டவாளங்களோடு சேர்த்து ஹிட்ச் 180 பவுண்டு. கூட்டினால் 2,790. ஒரு பாத்திரம்கூட ஏற்றாமலே வரம்பைத் தாண்டியாயிற்று. அந்த 2,050 என்பதும் காலி கேம்பரின் எடை. பேட்டரி, காஸ் சிலிண்டர்கள், முன் அறையில் அடுக்கும் சாமான்கள் எல்லாம் மூக்குப் பக்கமே இருப்பதால், ஏற்ற ஏற்ற கிங்பின்னில்தான் பாரம் கூடும்.

பின்னால் சொல்லப்போகும் சம்பவத்துக்குப் பிறகு ஒரு டிரக் ஸ்டாப்பில் இருந்த கேட் ஸ்கேல் எடை மேடையில் வண்டியை ஏற்றினேன். முன் அச்சு 4,880 பவுண்டு, பின் அச்சு 6,500, கேம்பரின் அச்சுகள் 10,200. கேம்பரைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டபோது பிக்கப் மட்டும் 8,680. ஆக, கிங்பின் எடை 2,700 பவுண்டு. பிக்கப்பின் மொத்த எடை 11,380. வரம்பை 1,380 பவுண்டு தாண்டியிருக்கிறது. பின் அச்சின் வரம்பு 6,200. அதையும் 300 பவுண்டு தாண்டியிருக்கிறது. எடைச் சீட்டுகளின் நகல்களை இதோடு இணைத்திருக்கிறேன்.

இப்போது அந்தக் காற்றுப் பைகளுக்கு வருகிறேன். அவை ஸ்பிரிங்குக்கு உதவி செய்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துகின்றன. அச்சு, சக்கரம், பிரேக், சேஸிஸ் எதன் வரம்பையும் அவை ஒரு பவுண்டுகூடக் கூட்டுவதில்லை. உற்பத்தியாளர் கதவில் ஒட்டிய எண்ணை ஒரு உதிரிபாகம் மாற்றிவிட முடியாது. பாரம் தாங்காமல் குனிந்தவனின் முதுகில் பலகை கட்டி நிமிர்த்தி வைப்பது போன்ற வேலை இது. பைகள் இல்லாமல் இருந்திருந்தால் பின்பக்கம் தாழ்ந்ததைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். பைகள் வண்டியை மட்டமாக நிறுத்தி, அந்த எச்சரிக்கையையும் மறைத்துவிட்டன. ‘அரை டன் கூடுதலாகத் தாங்கும்’ என்று சொல்லி அதை விற்றதை நான் பொய் வாக்குறுதி என்றே கருதுகிறேன்.

அடுத்தது ஹிட்ச். என் பிக்கப்பின் தொட்டி ஆறரை அடி. நீங்கள் பொருத்தியது நகராத ஹிட்ச். கேம்பரின் அகலம் 102 அங்குலம், அதில் பாதி 51. கிங்பின்னிலிருந்து ஓட்டுநர் அறையின் பின் சுவர் வரை அளந்தால் 40 அங்குலம்கூட இல்லை. கூர்மையாகத் திருப்பினால் கேம்பரின் முன் மூலை பின் கண்ணாடியில் போய் முட்டும் என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. குட்டைத் தொட்டி வண்டிகளுக்கு, திருப்பும்போது பின்னால் நகர்ந்து இடம் கொடுக்கும் ஸ்லைடர் ஹிட்ச் இருக்கிறது. அது உங்கள் கடையிலேயே விற்பனைக்கு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் எங்களிடம் வாய் திறக்கவில்லை. பயணத்தின்போது டெக்ஸஸின் அமரில்லோ நகரில் இரவு தங்க கேம்பரைப் பின்னோக்கி ஓட்டியபோது, வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கத்தி நிறுத்தியதால் கண்ணாடி தப்பியது. இரண்டு விரல் இடைவெளிதான் மிச்சம். கண்ணாடிக்கு உள்ளே பின் இருக்கையில் என் மகள்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் நடந்ததை எழுதும்போது இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. நியூ மெக்ஸிகோவுக்கும் கொலராடோவுக்கும் நடுவே, 25ஆம் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் இருக்கும் ரட்டோன் கணவாய் 7,834 அடி உயரம். ஏறும்போது வண்டி நன்றாகவே இழுத்தது. கொலராடோ பக்கம் இறங்கத் தொடங்கியதும் டேஷ்போர்டுத் திரையில் ‘டிரெய்லர் இணைப்பு இல்லை’ என்று வந்தது. கேம்பரின் மின் பிரேக்குகளுக்கு பிக்கப்பிலிருந்து ஏழு முனை பிளக் வழியாகத்தான் மின்சாரம் போக வேண்டும். அது நின்றுபோனால் கேம்பருக்குப் பிரேக்கே கிடையாது. கிட்டத்தட்ட 13,000 பவுண்டு பின்னாலிருந்து தள்ள, ஏற்கெனவே வரம்பு மீறிய பாரத்தோடு இருக்கும் பிக்கப்பின் பிரேக்குகள்தான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த வேண்டும். எஞ்சினையும் கியரையும் வைத்தே வேகத்தை அடக்க உதவும் டோ-ஹால் மோடும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் இருந்ததால் கியரைக் குறைத்து, அபாய விளக்குகளைப் போட்டு, வலது ஓரமாக ஊர்ந்து கொலராடோவின் டிரினிடாட் ஊருக்கு வந்து சேர்ந்தோம். நிறுத்தி இறங்கியபோது பிரேக் தீய்ந்த வாடை.

டிரினிடாடில் ஒரு மெக்கானிக் தொட்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, காரணத்தை எனக்கு நேரில் காட்டினார். தொட்டிக்குள் ஏழு முனை பிளக் வைக்க, வண்டியின் ஒயரிங்கோடு அப்படியே செருகி இணைக்கும் தயார் ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) சந்தையில் கிடைக்கிறது. பில்லிலும் அதைத்தான் எழுதி 390 டாலர் போட்டிருக்கிறீர்கள். வண்டியில் இருந்ததோ வேறு. கம்பெனி ஒயர்களை நடுவில் வெட்டி, சாதாரண கிளிப்களால் நசுக்கி இணைத்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். தண்ணீர் இறங்கி, பிரேக் ஒயரின் செம்பு பச்சை பூத்துப் பொடிந்திருந்தது. படங்களை இணைத்திருக்கிறேன், பார்த்தாலே புரியும்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஹிட்ச் தண்டவாளங்களைப் பிடிக்கும் போல்ட்டுகளில் சில, கையால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. தொட்டியின் தரை மேடு பள்ளமாக இருப்பதால், தண்டவாளத்துக்கு அடியில் பள்ளத்தை நிரப்பும் இரும்பு ஸ்பேஸர்கள் வைத்துத்தான் இறுக்க வேண்டும். ஒரு பக்கம் அவை வைக்கப்படவே இல்லை. அங்கே தரைத்தகடு நசுங்கி, போல்ட் இறுக்கம் இழந்திருக்கிறது. ஹிட்ச்சோடு வரும் பொருத்தும் குறிப்பேட்டை நீங்கள் எங்களிடம் தரவில்லை. போல்ட்டுகளை எத்தனை டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்க வேண்டும், எத்தனை மைலுக்குப் பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஒரு குடும்பம் வாழும் அளவுக்குப் பெரிய வீட்டை வண்டியோடு பிடித்து வைத்திருப்பவை அந்தச் சில போல்ட்டுகள்தான்.

மற்ற வேலைகளில் எனக்குக் குறை இல்லை. கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், இரண்டு டீசல் ஃபில்டர்கள், நீட்டிக்கொள்ளும் பக்கக் கண்ணாடிகள் எல்லாம் சரியாகவே செய்யப்பட்டிருந்தன. அவற்றுக்கான பணத்தை நான் திரும்பக் கேட்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. டி.பி.எஃப். புகை வடிகட்டியையும் புகையின் நச்சைக் குறைக்கும் டெஃப் திரவ அமைப்பையும் கழற்றிவிட்டு, எஞ்சின் மென்பொருளை மாற்றும் ‘ட்யூன்’ போட்டால் மலையில் இன்னும் சக்தி கிடைக்கும் என்று உங்கள் ஆலோசகர் என்னிடம் விலை சொன்னார். நான் மறுத்துவிட்டேன். மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவது அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி சட்டவிரோதம். வண்டியின் உத்தரவாதத்துக்கும் அதனால் ஆபத்து. இதைக் கவுன்டரில் சாதாரணமாக விற்கும் இடத்தில் எடை வரம்புக்கு என்ன மரியாதை இருக்கும் என்று அன்றே எனக்குத் தோன்றியது.

டிரினிடாடிலிருந்து உங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். “இங்கே எல்லோரும் இப்படித்தான் இழுக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே” என்பதுதான் கிடைத்த பதில். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது. ஆயிரக்கணக்கான மைல் ஒன்றும் ஆகாமல் ஓடிய வண்டிக்கும் ஒரு இறக்கம் போதும். அதில் என் பிள்ளைகள் மட்டும் இல்லை, எனக்கு முன்னால் போகும் காரில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கேம்பருக்கு அடுத்த பெரிய வகையான ‘ஒரு டன்’ வண்டி, அதுவும் பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ளது வேண்டும் என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்படி மாறினால் வண்டியும் கேம்பரும் சேர்ந்த எடை வரம்பு 26,000 பவுண்டைத் தாண்டக்கூடும், டெக்ஸஸில் அதற்கு வணிகம் சாராத ‘ஏ’ வகுப்பு உரிமம் எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். வண்டியை மாற்றுவதா, சிறிய கேம்பர் வாங்குவதா என்று நாங்களே முடிவு செய்திருப்போம். அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பையே எங்களிடமிருந்து பறித்துவிட்டீர்கள்.

எடைச் சீட்டைப் பார்த்த பிறகு அந்தப் பிக்கப்பில் கேம்பரை மறுபடி மாட்ட எனக்கு மனம் வரவில்லை. அதை டிரினிடாடிலேயே விட்டுவிட்டு, பின்னர் தகுந்த வண்டி வைத்திருக்கும் ஒரு டிரான்ஸ்போர்ட்காரருக்கு 1,180 டாலர் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நான் கேட்பது இது. காற்றுப் பைகளுக்கான 1,240 டாலர், ஒயரிங்குக்கான 390, ஹிட்ச்சுக்கான 1,650 ஆகியவற்றை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். டிரினிடாடில் ஒயரிங்கையும் போல்ட்டுகளையும் சரிசெய்ய ஆன 615 டாலரையும், கேம்பரைக் கொண்டுவந்த 1,180 டாலரையும் நீங்கள் ஏற்க வேண்டும். மொத்தம் 5,075 டாலர். ஹிட்ச்சையும் பைகளையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்; அதற்கு என்னிடம் கூலி வாங்கக் கூடாது.

பணத்தோடு இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை. காற்றுப் பை போட்டால் சுமக்கும் திறன் கூடும் என்று சொல்லி விற்பதை உங்கள் ஆலோசகர்கள் இன்றே நிறுத்த வேண்டும். வேலை ஒப்புக்கொள்ளும் முன் கதவுச் சீட்டின் எண்ணையும் கிங்பின் எடையையும் தாளில் எழுதி, கணக்குப் போட்டு, வாடிக்கையாளரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். இதே ஒயரிங் முறையில் நீங்கள் ஏற்கெனவே தயார் செய்து அனுப்பிய வண்டிகளின் சொந்தக்காரர்களை அழைத்து, இலவசமாகச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு அவர்களும் மலைப்பக்கம் கிளம்புவார்கள். இந்த ஒன்றை மட்டும் என் விவகாரம் முடியும் வரை காத்திருக்காமல் உடனே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டெக்ஸஸின் ஏமாற்று வணிகம் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழக்குக்கு முன் 60 நாள் எழுத்து அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. இந்தக் கடிதத்தையே அந்த அறிவிப்பாக எடுத்துக்கொள்ளவும். அதற்குள் தீர்வு வராவிட்டால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்துவிட்டு, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் நீதிமன்றத்துக்குப் போவேன்.

பில், எடைச் சீட்டுகள், கதவுச் சீட்டின் படம், டிரினிடாட் மெக்கானிக்கின் எழுத்து அறிக்கை, ஒயரிங் படங்கள், டிரான்ஸ்போர்ட் ரசீது எல்லாவற்றின் நகல்களும் இதனுடன் உள்ளன. வெட்டி எடுத்த ஒயர் துண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்