நாலு கால்கவசம் போட்ட வீரன்

அன்புள்ள ஆங்கில-தமிழ் அகராதி தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஐரோப்பிய இடைக்காலக் கதை ஒன்றைத் தமிழாக்க உட்கார்ந்தேன். வீரன் போருக்குப் புறப்படும் காட்சி. 'ஜாம்போ' என்று ஒரு சொல் வந்தது. இன்று ஆங்கிலம் பேசுபவர்களே மறந்துவிட்ட சொல். உங்கள் அகராதியைப் புரட்டினால் 'கால்கவசம்'. சரி என்று எழுதிக்கொண்டேன். அடுத்து 'கிரீவ்': அதுவும் கால்கவசம். 'குவிஸ்', 'சபட்டான்' இரண்டுக்கும் அதே பதில். நாலு கால்கவசம் மாட்டிக்கொண்டு நிற்பது வீரனா, அவன் குதிரையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

குதிரையைச் சும்மா இழுக்கவில்லை. ஜாம்போவின் வேர் பிரெஞ்சு 'ஜாம்ப்', அதாவது கால். அதற்கு முன்னால் பிற்கால லத்தீனில் 'கம்பா'. குதிரைக் காலின் மடங்கும் மூட்டுக்கு அங்கே அந்தப் பெயர் இருந்தது. வளைவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அதே 'ஜாம்ப்' கதவுச் சட்டத்தின் பக்கக் கட்டைக்கும் ஆங்கிலத்தில் பெயராகிவிட்டது. நம் தச்சர்கள் அதை நிலைக்கால் என்கிறார்கள். இரண்டு ஊரிலும் வாசலுக்குக் கால் முளைத்திருக்கிறது!

ஆகவே ஜாம்போவுக்குக் 'கால்கவசம்' இருக்கட்டும், சொல்லே காலிலிருந்து வந்ததுதானே. மற்றவற்றைப் பிரித்துக் கொடுங்கள். பழைய பிரெஞ்சில் 'கிரேவ்' என்றால் முழங்காலுக்குக் கீழே உள்ள முன்பக்கம். நமக்குக் கணைக்கால் என்ற சொல் இருக்கிறது. சேர மன்னன் ஒருவன் கணைக்கால் இரும்பொறை என்றே பெயர் பெற்றான். கணுக்காலோடு குழப்பாமல் 'கணைக்கால் கவசம்' என்று போடலாம். குவிஸ் தொடைக்கு உரியது; தொடைக்கவசம் என்றால் முடிந்தது. சபட்டான் பாதத்தை மூடுவது. அது பிறந்த குடும்பத்தில்தான் காலணி என்று பொருள்படும் போர்த்துக்கீசிய 'சப்பாத்து'வும் இருக்கிறது. அதைத்தான் இலங்கைத் தமிழர் சப்பாத்து என்று இன்றும் காலில் மாட்டுகிறார்கள். பாதக்கவசம் என்று எழுதி, பக்கத்தில் இந்த உறவையும் ஒரு வரி சொன்னால் படிப்பவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!

இன்னொன்று. என்னிடமுள்ள பதிப்பு ஜாம்போவுக்கு 'இரும்பாலானது' என்றும் சேர்த்திருந்தது. அதை எடுத்துவிடுங்கள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய சர் தோபாஸ் கதையில் நாயகனின் ஜாம்போக்கள் தோலால் ஆனவை. பதப்படுத்தி இறுக வைத்த தோல். அகராதியை நம்பி அங்கே இரும்பு என்று எழுதினால் நாளைக்கு விமர்சகர் பிடிப்பது உங்களை அல்ல, என்னை.

அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று தெரிந்தால் சொல்லுங்கள். அதுவரை அந்த அத்தியாயத்தை அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கால்கவசத்தில் சிக்கிய ஒரு மொழிபெயர்ப்பாளர்