எலிசபெத் ஜான்சனை ஒருமுறை அழைத்துப் பேசியிருக்கலாமே!

அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கோட்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். 2011 மார்ச்சில் உங்கள் குழு வெளியிட்ட ஓர் அறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். அருட்சகோதரி எலிசபெத் ஜான்சன் 2007இல் எழுதிய, வாழும் கடவுளைத் தேடுவது பற்றிய நூல் கத்தோலிக்க இறையியலின் நெறிக்கு ஒத்துப்போகவில்லை என்று அதில் தீர்ப்புச் சொன்னீர்கள். அப்படித் தீர்ப்புச் சொல்லும்முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் யாரோ எவரோ அல்ல. புரூக்ளினில் பிறந்தவர், புனித சூசையப்பர் சபைத் துறவி. உங்கள் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திலேயே இறையியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண். பிறகு ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் 1991இலிருந்து 2018வரை பேராசிரியர். நூலுக்குள்ளும் அவர் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. யூதப் படுகொலைக்குப் பிறகு, ஏழைகள் நடுவில், கறுப்பின மக்களிடையே, பெண்களிடையே, மற்றச் சமயத்தவரோடு பழகும்போது என்று எங்கெல்லாம் கடவுள் புதிதாக உணரப்பட்டாரோ அதைத்தான் தொகுத்துச் சொன்னார்.

கடவுளுக்கு நாம் வைக்கும் பெயர்கள் எல்லாம் மனிதர் கட்டியவை, சமூகப் பயனைக் கொண்டே எடைபோட வேண்டியவை என்று அவர் சொல்வதாக உங்கள் அறிக்கை பொருள் கொண்டது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் அதே ஆண்டு ஜூனில் விரிவாகப் பதில் எழுதினார். அக்டோபரில் நீங்கள் பழைய முடிவையே மறுபடி சொன்னீர்கள். கடவுள் நம் சொற்களுக்குள் அடங்காதவர் என்பது புதிய கருத்தா? "நீ புரிந்துகொண்டால் அது கடவுள் அல்ல" என்றவர் புனித அகுஸ்தினார். அவர்மீதும் அறிக்கை வருமா? விவிலியத்தில் எசாயா நூலின் 66ஆம் அதிகாரத்தில் தாயைப்போல் தேற்றுவேன் என்று கடவுளே சொல்கிறார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கருத்தில் பிழை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆயருக்கும் இறையியலாளருக்கும் பிணக்கு வந்தால் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று 1989இல் உங்கள் பேரவையே வழிமுறை வகுத்தது. அதைச் சுட்டிக்காட்டியபோது, அது தனித்தனி மறைமாவட்ட ஆயர்களுக்குத்தான், எங்கள் குழுவுக்கு இல்லை என்ற பதில் வந்தது. நூலாசிரியர் முன்கூட்டியே ஆயரின் அச்சு அனுமதியைக் கேட்டிருந்தால் அப்போதே உரையாடியிருக்கலாம் என்றும் சொன்னீர்கள். பேச்சு வேண்டுமென்றால் அனுமதிக்கு வரிசையில் நில் என்பதுபோல இருக்கிறது இது! அறிக்கை வந்து ஊரெல்லாம் பேசியபிறகு, குழுவின் அன்றைய தலைவர் கர்தினால் டொனால்ட் வூர்ல் சந்திக்கத் தயார் என்றார். தீர்ப்பு எழுதியபின் விசாரணை எதற்கு?

அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. குழுவில் இன்று இருப்பவர்கள் வேறு ஆயர்கள், பழைய அறிக்கையைக் காப்பாற்றும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. அதைத் திரும்பப் பெறுங்கள். அது முடியாதென்றால், அவருடைய ஜூன் பதிலை முழுவதுமாக உங்கள் அறிக்கைக்குப் பக்கத்திலேயே வெளியிடுங்கள், படிப்பவர்கள் முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
திருச்சபையின் ஒரு விசுவாசி