கூடத்தில் ஒட்டிய கேரவன்

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

டேய் ராஜு,

எட்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. சரோஜாவின் பதினாறாம் நாளுக்குத் தைப்பிங் வந்துவிட்டுத் திரும்பிய பிறகு மூன்று தடவை பேனாவை எடுத்தேன். மூன்று தடவையும் "எப்படி இருக்கிறாய்" என்ற வரியோடு நின்றுபோனது. அதைக் கேட்டுவிட்டு அடுத்து என்ன எழுதுவது என்று தெரியவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு.

இங்கே எல்லாரும் நலம். வசந்தாவின் முழங்கால் அப்படியே. லாரி மணியம் அதே காப்பிக் கடை, அதே நாற்காலி, அதே பொய். போன மாதம் அவன்தான் உன்னைப் பார்த்துவிட்டு வந்து ஏதோ சொன்னான். அதைப் பிறகு பேசலாம்.

விஷயம் என்னவென்றால், போன வாரம் எங்கள் கூடத்தில் சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, தரையில் மாஸ்கிங் டேப்பால் ஒரு கட்டம் ஒட்டி, அதற்குள் நானும் வசந்தாவும் இரண்டு நாள் குடித்தனம் நடத்தினோம். நீளம் 3.8 மீட்டர், அகலம் 2 மீட்டர். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் அம்மா, பலகாரம் கொடுக்க வந்தவர், கோட்டுக்குள் நான் வெங்காயம் நறுக்குவதையும் இவள் என்னைத் தாண்ட முடியாமல் நிற்பதையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மின்தூக்கியில் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கேரவன் வாங்கப் போகிறோம் ராஜு, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி. இங்கே இல்லை, பயப்படாதே. துவாஸிலிருந்து சாங்கி வரை இழுத்துக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்தில் நாடு முடிந்துவிடும். அப்புறம் அதைப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் எந்த மாடியில் செருகுவது? இது ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், மகள் கயல் வீட்டுப் பக்கவாட்டில் நிற்கும். வருடத்துக்கு இரண்டு தடவை நாங்கள் போய், அவளுடைய காரில் மாட்டிக்கொண்டு தெற்கே ஆல்பனி, எஸ்பரன்ஸ், வடக்கே கல்பாரி என்று சுற்றுவோம். ஐந்து மணி நேர விமானம், கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம், இங்கே என்ன மணியோ அங்கேயும் அதுதான். பத்து வருடம் முடிந்ததும் காருக்கு சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், புதுப்பிக்காமல் விட்டேனே, அந்தக் காசு சும்மா கிடக்கிறது. "பெர்த்தில் இரண்டு பெர்த்" என்று வசந்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நீயும் சிரிக்க மாட்டாய், தெரியும்.

இருவருக்கு ஏற்ற சின்ன வண்டி, கனம் குறைந்த வண்டி. கேட்க எளிதாக இருக்கிறது. நான்கு மாதமாக என் தூக்கத்தைத் தின்றுவிட்டது.

முதலில் என் மனம் போனது கண்ணீர்த்துளி மாதிரி இருக்குமே, அந்த வண்டிக்கு. 1930களில் அமெரிக்காவில் தொடங்கிய வடிவம். உள்ளே மெத்தை மட்டும், பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்படி. சின்ன கார்கூட இழுத்துவிடும். படத்தை வசந்தாவிடம் காட்டினேன். "மழை பெய்தால் வெளியில் நின்று காப்பி போடுவது யார்?" என்றாள். நான் யோசிப்பதற்குள் "உட்கார்ந்துகொண்டே சேலை மாற்றுவது எப்படி?" என்றாள். அதோடு அது போயிற்று. அடுத்தது கூரையை மேலே தூக்கிவிடும் வகை. ஓடும்போது தாழ்வாக இருப்பதால் காற்று அதிகம் பிடிக்காது, நின்றதும் தலை நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் தூக்கிய பகுதியைச் சுற்றித் துணிதான். குளிர்காலத்தில் ஆல்பனிக் காற்றுக்குத் துணி என்ன செய்யும்? தவிர ஒவ்வொரு ஊரிலும் கூரையைத் தூக்க என் தோள்பட்டை வேண்டும். அது தேசிய சேவையிலேயே பாதி போய்விட்டது. ஏன் போனது என்று உனக்குத் தெரியும், காவல்கார ஜாகாவுக்கும் தெரியும்.

மூன்றாவதாகக் கண்ணாடியிழை வண்டி. முட்டை மாதிரி, மேல் பாதி கீழ் பாதி என்று இரண்டே ஓடு. மற்ற வண்டிகளில் மூலைக்கு மூலை இணைப்பு, எங்காவது நீர் கசிந்து சுவருக்குள் மரம் மக்கும். இதில் ஒட்டு குறைவு, கசிவும் குறைவு. இதன் கதையைக் கேள். 1968இல் கனடாவின் வின்னிப்பெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் போலர் என்று ஒரு வண்டி செய்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் போடும் உருண்டைத் தொப்பி மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். அதற்கு முன் அவர் கண்ணாடியிழையில் செய்தது என்ன தெரியுமா? கழிவுத்தொட்டி! கக்கூஸ் தொட்டி இவ்வளவு லேசாக, இவ்வளவு உறுதியாக இருக்கும்போது அதே பொருளில் வண்டி ஏன் செய்யக் கூடாது என்று தோன்றியிருக்கிறது மனுஷனுக்கு. இதை வசந்தாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. இரண்டு வாரம் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

இனி எடை. முப்பத்தொரு வருடம் சாங்கியில் சரக்கு விமானத்துக்கு லோட் ஷீட், அதாவது எடைக் கணக்கு, போட்டவனிடம் இந்தப் பேச்சு வந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்.

விற்பவர்கள் சொல்வதெல்லாம் வெறும் வண்டியின் எடை. ஆஸ்திரேலியாவில் அதற்கு டேர் என்று பேர். தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை, நம் சாமான் ஒன்றும் இல்லை. எல்லாம் ஏற்றிய பிறகு அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது ஏடிஎம். பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை, ஆனால் உள்ளே போட்டது திரும்பி வராது என்பதில் ஒற்றுமை உண்டு. இரண்டையும் கழித்தால் வருவதுதான் நமக்குக் கிடைக்கும் எடை. ஒரு கடைக்காரர் என்னிடம் தொலைபேசியில் 1,050 கிலோ என்றார். கூடாரத் திரை, குளிர்சாதனம், இரண்டாவது மின்கலம் எல்லாம் பின்னால் மாட்டியது, அந்தக் கணக்கில் இல்லை என்பது நான் துருவிக் கேட்ட பிறகுதான் வந்தது. நம் ஆட்கள் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலை ஒளிப்பது போல.

அதைவிடப் பெரிய பள்ளம் இன்னொன்று. காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு உருண்டை இருக்கிறதே, வண்டியின் மூக்கு அதன் மேல் உட்காரும். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு அந்த உருண்டையில் இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. குறைந்தால் வண்டி பாம்பு போல ஆடும். அதிகமானால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காது. கயலின் கார் 1,500 கிலோ இழுக்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. நான் ஆசைப்பட்ட வண்டி எல்லாம் ஏற்றி 1,400. ஆகா என்று முன்பணம் அனுப்பப் போன அன்று இரவு, கையேட்டின் அடுத்த வரியைப் படித்தேன். உருண்டையில் 100 கிலோவுக்கு மேல் கூடாது. 1,400க்குப் பத்தில் ஒன்று 140! இழுக்கும் சக்தி இருக்கிறது, தாங்கும் சக்தி இல்லை. நம் கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்தார். "கேள்வியை முழுசா படிடா எருமை."

ஆகவே 1,000 கிலோவுக்குள். மறுபடியும் முட்டை வண்டி. இந்தத் தடவை கழிவுத்தொட்டி பற்றி யாரும் பேசவில்லை. கயல் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் ஒருவர் பழையதை விற்கிறார். டேர் 760, ஏடிஎம் 1,000. நமக்கு 240 கிலோ. தண்ணீர் 60 லிட்டர், அதாவது 60 கிலோ. கேஸ் உருளை 9. மின்கலம் 12. திரை, மேசை, நாற்காலி 25. கையடக்கக் கழிவறை, தண்ணீரோடு 20. மிச்சம் 114. துணி, படுக்கை, அரிசி, வசந்தாவின் சமையலறை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

பெட்டி எடை போடும் கொக்கித் தராசை எடுத்து ஒவ்வொன்றையும் தொங்கவிட்டேன். இரும்புத் தோசைக்கல், மிக்ஸி, குக்கர், புளி டப்பா. குத்துவிளக்கையும் கொண்டுவந்தாள். நாலரை கிலோ. சண்டை. கடைசியில் அகல் விளக்கு என்று முடிவாயிற்று. இட்லிப் பானை மட்டும் தராசுக்கே வரவில்லை. சரோஜா எங்கள் வீடு குடிபுகுதலுக்குத் தந்தது. "அதுக்கு எடை கிடையாது" என்று சொல்லி அலமாரியில் திரும்ப வைத்துவிட்டாள். நானும் பட்டியலில் அதற்குச் சுழியம் போட்டேன். என் வேலைக் காலம் முழுக்க ஒரு பெட்டிக்கும் நான் சுழியம் போட்டதில்லை.

இப்போது மாஸ்கிங் டேப்புக்கு வருகிறேன். அந்த வண்டிக்குள் படுக்கையை இரண்டு விதமாகப் போடலாம். மூலையில் ஒரே இரட்டைக் கட்டில், அல்லது இரண்டு பக்கச் சுவரோடும் ஒவ்வொரு ஒற்றைக் கட்டில், நடுவில் நடை. நான் இரட்டைக் கட்டில் கட்சி. இடம் மிச்சம் என்று வாதாடினேன். "படுத்துப் பார்த்துச் சொல்லலாம்" என்றாள். முதல் இரவு மெத்தையைக் கட்டத்தின் மூலையில், சுவரையொட்டிப் போட்டோம். அவள் சுவர்ப் பக்கம். பன்னிரண்டு மணிக்கு என்னைத் தாண்டி ஏறினாள். இரண்டு மணிக்கு மறுபடி. நாலு மணிக்கு அந்த முழங்கால் சரியாக என் வயிற்றில் இறங்கியது. சரி, நான் உள்ளே படுக்கிறேன் என்றேன். மருத்துவர் எனக்குக் கொடுக்கும் ரத்த அழுத்த மாத்திரையின் குணம் உனக்குத் தெரியும். அவளைவிட நான்தான் அதிகம் எழுந்தேன்.

இரண்டாம் இரவு இரண்டு மெத்தை, இரண்டு ஓரம். ஒவ்வொன்றும் 75 சென்டிமீட்டர், நடுவில் 50. நன்றாகத் தூங்கினோம். ஆனால் ஒரு விஷயம். நாற்பத்தொரு வருடத்தில் ஆஸ்பத்திரி நாட்கள் தவிர நாங்கள் தனித்தனியாகப் படுத்ததில்லை. நடு இரவில் விழித்தபோது அவள் கை அந்த 50 சென்டிமீட்டருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்தில்தான். நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அப்போதுதான் உன் நினைப்பு வந்தது. தைப்பிங்கில் உன் வீட்டில் அந்தப் பெரிய மரக்கட்டில். நான் தங்கியிருந்த நான்கு நாளும் நீ கூடத்துச் சாய்வு நாற்காலியில்தான் தூங்கினாய். நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பேருந்து ஏறிவிட்டேன்.

விடு.

மருமகன் போன சனிக்கிழமை வண்டியை நேரில் பார்த்தான். சன்னல் மூலைகளில் கையை வைத்து அழுத்தச் சொன்னேன், மெத்தைக்கு அடியில் மூக்கை வைத்து முகரச் சொன்னேன். ஈர வாடை இல்லையாம். டயர் புதுசு மாதிரி பளபளப்பாக இருக்கிறது என்றான். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், படித்துச் சொல் என்றேன். 2314. அப்படியென்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்ற வண்டியில் டயரின் பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் கிழடாகும், நம்மைப் போல. அதைச் சொல்லி 600 வெள்ளி குறைத்துவிட்டான், ஆஸ்திரேலிய வெள்ளி. பிரேக்கையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 750 கிலோவுக்கு மேல் போனால் வண்டிக்கே பிரேக் வேண்டும் என்பது அங்கே சட்டம்.

என் பயம் ஓட்டுவதுதான். அறுபத்தைந்தில் மருத்துவப் பரிசோதனை எல்லாம் தேறிவிட்டேன். ஆனால் பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் வண்டியின் வால் வலப்பக்கம் போகிறது. பேரனின் பொம்மை லாரியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பழகுகிறேன். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகும் பக்கம் வாலும் போகும் என்று ஒரு சூத்திரம் கிடைத்தது, மேசையில் வேலை செய்கிறது. அந்த ஊர்ச் சாலையில் 53.5 மீட்டர் நீள லாரித் தொடர்கள் ஓடுகின்றன. அது பக்கத்தில் கடக்கும்போது காற்று முதலில் நம்மைத் தள்ளுமாம், பிறகு இழுக்குமாம். வண்டி ஆடத் தொடங்கினால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்துவிட்டு, வண்டியின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். இதை இரவில் படுத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறேன். வசந்தா கேட்டால் பஜனைப் பாட்டு என்கிறேன்.

செப்டம்பரில் போகிறோம். காட்டுப் பூக்கள் பூக்கும் காலம். நீயும் வா. வண்டிக்குள் இரண்டே பேர்தான், அதில் மாற்றமில்லை. உனக்கு வெளியே திரைக்குக் கீழே தனிக் கூடாரம், மடக்குக் கட்டில். குளுவாங்கில் படுத்த இடத்தை நினைத்தால் அது அரண்மனை. குளுவாங்கைப் பற்றி வசந்தாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறாதே. "அண்ணன் வந்தால் நான் இட்லி ஊற்றுவேன், வராவிட்டால் ரொட்டிதான்" என்று அவள் எனக்கு மிரட்டல் விட்டிருக்கிறாள்.

ஒரு வேலை உனக்கு. உருண்டையில் இறங்கும் எடையும் காருக்குள் ஏறும் ஆட்களின் எடையும் ஒரே கணக்கில் சேரும், அதனால் நீ பின்சீட்டில் உட்கார்ந்தால் உன் எடை எனக்கு வேண்டும். அடையாள அட்டை எடுத்த காலத்து எடை வேண்டாம். மணியம் சொன்னதை நான் நம்பவில்லை, அவன் வாயில் எப்போது உண்மை வந்தது? கடைத்தெரு மருந்துக் கடையில் தராசு இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு. முள் நின்ற பிறகு பார்த்து, அந்த எண்ணை அப்படியே எழுதி அனுப்பு.

முத்து