எடுத்த உப்பு எங்கே போகும்?

வேலூர்,
ஐப்பசி மழை, கரண்ட் இல்லை

அன்புள்ள சேகர்,

திட்டாதேடா. பொங்கலுக்குப் போன் பண்றேன் என்றவன் ஐப்பசியில் கடிதம் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். மூக்குப்பொடி சாரை காட்பாடி ஸ்டேஷனில் பார்த்தேன். உன் அரியர் கணக்கை இன்னும் மறக்கவில்லை மனுஷன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கழிவுநீர் எலெக்டிவை மூடிவிட்டார்கள். பேர் கொடுத்தது ஒன்பதே பேர், மற்றவர்கள் எல்லாம் டேட்டா சயின்ஸ் பக்கம். பதிலுக்கு முதல் வருஷப் பசங்களுக்கு 'பொறியியல் அறிமுகம்' எடு என்று என் தலையில் கட்டினார்கள். ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை நான்.

முதல் யூனிட், 'பொறியியல் என்றால் என்ன'. நமக்கு அதை டிக்டேட் பண்ணிவிட்டுத் தூங்கினாரே ஒரு சார், ஞாபகம் இருக்கா? எனக்கு மனசு வரவில்லை. மூன்று பாட்டில் தண்ணீரோடு போனேன்: கேன் தண்ணீர், எங்கள் போர் தண்ணீர், வாணியம்பாடிப் பையன் ஒருத்தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். கிணற்றுத் தண்ணீர் லிட்டருக்கு 3,900 மில்லிகிராம் காட்டியது. வேறு வழியே இல்லாவிட்டாலும் 2,000-க்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரம். வகுப்பு கப்சிப். "குரோமியமும் இதுலயே தெரியுமா சார்?" என்றான் ஒருத்தன். தெரியாதுடா, இது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து உப்பைக் கணக்குப் போடும், அவ்வளவுதான். தோல் பதனிடப் போடுகிற குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு, அதற்கு லேப் வேண்டும் என்றேன். எலெக்டிவில் நாலாவது வாரம் வரும் பாடம், முதல் நாளே வந்துவிட்டது!

1996 தீர்ப்பையும் சொன்னேன். பாலாற்றுத் தோல் கழிவுக்காக நம்ம வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. கெடுத்தவனே காசு கொடுக்கணும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னபோது நீயும் நானும் தெர்மோ அரியருக்குப் படித்துக்கொண்டிருந்தோம். இத்தனை பக்கத்தில் இருந்தும் வகுப்பில் ஒருத்தர் அதைப் பற்றி வாய் திறந்தாரா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம்தான் மாட்டிக்கொண்டேன். பச்சைத்தோல் கெடாமல் இருக்கப் போடுகிற உப்பு, கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு மசியாது, ஆர்ஓ சவ்வில் வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி எடுக்கணும் என்று போர்டில் படம் போட்டேன். கடைசி பெஞ்ச் பெண் ஒருத்தி கேட்டாள்: "எடுத்த உப்பு எங்க சார் போகும்?"

இத்தனை வருஷத்தில் கடைசி வருஷப் பசங்க ஒருத்தர் கேட்கவில்லை இதை. 'மூட்டை கட்டி வைப்பாங்க' என்றேன். "எவ்ளோ நாளைக்கு?" என்றாள். பெல் அடித்துக் காப்பாற்றியது.

தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், அந்த மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் நீ. புதன்கிழமை இரண்டாவது பீரியட், லீவு போட்டு வா. பிரியாணி வேண்டாம், டாக்டர் தடை போட்டிருக்கார். கத்திரிக்காய் மட்டும் கொண்டு வா. அந்த உப்பிலும் ஒரு பிடி, பாட்டிலில்.

உன்,
குட்டை

(டிராஃப்டரை இன்னும் திருப்பித் தரவில்லை நீ.)